மாரிச்செல்வியின் முப்பது நாள் லீவு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையத்துக்குப் பஸ்ஸில் அரை மணி நேரம். இருபத்தைந்து வருடங்களாக அந்தப் பாதையில் போய் வருகிறாள் மாரிச்செல்வி. வயது நாற்பத்தேழுதான். கால்களைக் கேட்டால் அறுபது என்று சொல்லும். சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றியதும் பாதங்களைத் தரையின் குளிர்ச்சியில் அழுத்தி, கண்ணை மூடிச் சற்று நேரம் அப்படியே நிற்பாள். அதுதான் அவளுடைய ஓய்வு. அதற்குள் போன் அடிக்கும்.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் அவள் சூப்பர்வைசர். தறியிலிருந்து வரும் துணி வெளுக்கப் போகும், காயும், வெட்டி மடிக்கப்படும், ஆட்டோகிளேவ் என்கிற பெரிய நீராவிக் கூண்டுக்குள் வெந்து, கிருமி நீங்கி, பெட்டியில் அடைபட்டு ஆஸ்பத்திரிகளுக்குப் போகும். சேர்ந்தாற்போல் தயாராகும் சரக்குக்கு 'லாட்' என்று பெயர். ஒவ்வொரு பெட்டியின் மேலும் அந்த லாட் பிறந்த தேதி ஒட்டப்பட்டிருக்கும். எந்த லாட் எந்தத் தறியில் நெய்தது, எந்த ஊர் ஆஸ்பத்திரியில் இப்போது இருக்கிறது என்பதெல்லாம் நான்கு நோட்டுகளில் பாதியும் மாரிச்செல்வியின் தலையில் மீதியும் இருந்தன.

"ஏட்டி, அந்தத் தலையக் கழட்டி ஆபீஸ்லயே வச்சிட்டு வந்திரேன். வீட்டுல கொஞ்சம் நிம்மதியா இருக்கலாம்" என்பார் அவள் கணவர் முத்துவீரன். பட்டாளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு வந்தவர். "எல்லையில கூட நைட்டு டூட்டி மாத்தி விடுவாங்க. ஒனக்கு மாத்தி விட ஆளே கெடையாதா?"

அவர் சிரித்துக்கொண்டேதான் சொல்வார். அவளால்தான் சிரிக்க முடியாது. மூன்று வருடங்களுக்கு முன்னால் அவளுடைய அம்மா குருவம்மாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தபோதும் போன் வந்தது. "மாரி, திருநெல்வேலிக்குப் போன ஆறு இஞ்ச் கட்டு எந்த லாட்டும்மா?" வார்டுக்கு வெளியே வந்து விவரம் சொன்னாள். நாலு நிமிடம் இருக்கும். உள்ளே திரும்பியபோது நர்ஸ் அம்மாவின் முகத்தில் துணியை இழுத்து மூடிக்கொண்டிருந்தாள். அந்த நாலு நிமிடத்தை அவள் யாரிடமும் சொல்லி அழவில்லை. அழவும் நேரமில்லை, காரியம் முடிந்த மறுநாளே லோடு ஏற்ற வேண்டியிருந்தது.

இப்போது அவளுடைய ஒரே மகள் ஜனனிக்கு ஐந்தாம் மாதம். தலைப்பிரசவத்துக்காக முன்னதாகவே தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள். வந்த அன்றைக்கே பையைக் கூட இறக்காமல் கேட்டுவிட்டாள்:

"அம்மா, அம்மாச்சி சாகையில போன் பேசப் போன மாதிரி என் பிரசவத்தப்பவும் போயிர மாட்டியே?"

பெற்றவள் நெஞ்சில் ஊசி இறங்கினால் எப்படி இருக்கும்! மறுநாள் காலை மாரிச்செல்வி முதலாளி சஞ்சீவிராஜா முன்னால் போய் நின்றாள்.

"மக பிரசவத்துக்கு முப்பது நாள் லீவு வேணும் முதலாளி. போனும் வரக்கூடாது."

முதலாளி கெட்டவர் இல்லை. அம்மா செத்தபோது மாலையோடு முதலில் வந்து நின்றவர் அவர்தான். ஆனால் பயந்த மனுஷர். "லீவு எடுத்துக்கோம்மா. யாரு வேண்டாம்னா? ஒரு கேள்வி வந்தா யாரு பதில் சொல்லுவா? நானா?" என்றார்.

"கம்ப்யூட்டர் சொல்லட்டும். நம்ம வேலைக்குன்னே ஒரு சாஃப்ட்வேர் எழுதி வாங்குவோம்."

மதுரையிலிருந்து முதலில் ஒரு கம்பெனிக்காரர்கள் வந்தார்கள். கழுத்துப் பட்டை கட்டிய இரண்டு பேர், சுவரில் படம் காட்டினார்கள். எல்லாம் மருந்துக் கடைக்குச் செய்து வைத்த சாஃப்ட்வேர். மாரிச்செல்வி கேட்டாள்: "ஒரே துணி ஏழு கை மாறி வருது தம்பி. அதை இதுல எங்க போடுவீக?" அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அதெல்லாம் அப்புறம் சேர்த்துக்கலாம் மேடம்" என்றார்கள். அந்த 'அப்புறம்' அவளுக்கு நன்றாகத் தெரிந்த அப்புறம். காபி கொடுத்து அனுப்பிவிட்டாள்.

அதன் பிறகு வந்தவன் பார்த்தா. ஸ்ரீவில்லிபுத்தூரில் மாட வீதிக்குப் பக்கத்தில் வீடு. நாற்பது வயது. சென்னையில் பெரிய கம்பெனி வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, தனி ஆளாக, கேட்டவர்களுக்குக் கேட்டபடி சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கிறவன். ஒரு பால் பண்ணைக்கும் ஒரு விதைக் கடைக்கும் செய்து கொடுத்திருந்தான். அவன் படம் எதுவும் காட்டவில்லை.

"சார், ஒரு மூணு நாள் நான் இங்க சும்மா உக்காந்திருக்கலாமா?" என்று கேட்டான்.

"சும்மா உக்கார இங்க ஏற்கெனவே பத்துப் பேரு இருக்காங்களே தம்பி!" என்றார் முதலாளி.

மாரிச்செல்விக்கு அவனைப் பிடித்துவிட்டது. இருபத்தைந்து வருடத்தில் அந்த வேலையை முதலில் பார்க்க வேண்டும் என்று கேட்டவன் அவன் ஒருவன்தான். "இவரையே வச்சுக்குவோம் முதலாளி. நான் பொறுப்பு" என்றாள். முதலாளி பஞ்சாங்கம் பார்த்து நாள் குறித்தார். "அஷ்டமி நவமி தவிர மத்த நாள் வாங்க தம்பி. புது வேலை பாருங்க" என்றார்.

மூன்று மாதம் பார்த்தா வந்து போனான். எதற்கெடுத்தாலும் கேள்வி. "அக்கா, வெளுத்து வந்ததும் யார் எண்ணுவா? ... ரெண்டு பேரும் எண்ணினா எந்தக் கணக்கு சரி? ... கிழிஞ்ச துணி எங்க போகும்?" சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் உலர்ந்தது. கேட்டுக் கேட்டு அவனுக்கும் கண்ணுக்குக் கீழே கறுத்தது. ஒருநாள் தேநீரைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்: "அக்கா, சென்னையில முப்பது பேர் பார்த்த வேலையை இங்க ஒருத்தனா பார்க்கிறேன். உங்களைப் பார்த்தா நான் பரவாயில்லைன்னு தோணுது."

"நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே வியாதிதான் தம்பி" என்றாள் அவள்.

சாஃப்ட்வேர் தயாரானது. முதலாளி கடைசியாக ஒரு நிபந்தனை போட்டார். "ஒரு வாரம் மாரி வீட்டுல இருக்கட்டும். எந்தக் கேள்வி வந்தாலும் மெஷின் பதில் சொல்லணும். ஒரு தடவ கூட அவளைக் கூப்பிடாம வாரம் முடிஞ்சா, முப்பது நாள் லீவு. கூப்பிட வேண்டி வந்துட்டா லீவு பத்திப் பொறவு பேசுவோம்."

பிரசவத்துக்கு டாக்டர் குறித்த தேதிக்கு அப்போது இரண்டு வாரம் இருந்தது.

திங்கள், செவ்வாய், புதன், வியாழன். போன் அடிக்கவே இல்லை. மாரிச்செல்வி மகளுக்குத் தலை வாரிவிட்டாள், வெந்நீர் ஊற்றினாள், பகலில் அவள் பக்கத்தில் படுத்து ஒரு மணி நேரம் தூங்கினாள். ஜனனி அம்மாவின் கையை எடுத்துத் தன் வயிற்றில் வைத்து, "உதைக்குது பாரு, உன்னைத்தான்" என்று சிரித்தாள். இப்படி ஒரு வாழ்க்கை இருக்கிறதென்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லையே!

வெள்ளிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பார்த்தா பேசினான். குரலில் துள்ளல்.

"அக்கா, கேள்வி கேக்கக் கூப்பிடல. சந்தோஷத்தைச் சொல்லக் கூப்பிட்டேன். மதுரையில ஒரு ஆஸ்பத்திரியிலிருந்து புகார். பெட்டிக்குள்ள ஒட்டின பட்டை கறுக்கலையாம்."

நீராவி சரியாகப் பட்டால் அந்தப் பட்டையில் கறுப்புக் கோடு விழும். விழவில்லை என்றால் துணி வேகவில்லை, கிருமி சாகவில்லை என்று அர்த்தம்.

"பெட்டி எண்ணைப் போட்டோம். போன மாசம் ஏழாம் தேதி லாட். அன்னைக்கு மூணு தடவை ஆட்டோகிளேவ் ஓடியிருக்கு, மூணும் சரியான அழுத்தம், சரியான நேரம். ரெண்டே நிமிஷத்துல பதில்! உங்க ஆஸ்பத்திரியில ஈரம் பட்டிருக்கும்னு சார் மெயில் போடச் சொல்லிட்டார். நாளைக்கு ஒரு நாள் தாண்டினா உங்க லீவு உறுதி அக்கா."

மாரிச்செல்வியின் கண்கள் தானாகவே சுவரில் தொங்கிய காலண்டருக்குப் போயின. போன மாதத் தாளைத் திருப்பினாள். எட்டு, அஷ்டமி. ஒன்பது, நவமி.

அவள் விரல் அந்த இரண்டு கட்டங்களிலேயே நின்றது.

முதலாளியின் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கம்பெனியில் அஷ்டமி நவமியில் புது லாட் பிறக்காது. வேலை நிற்காது, தறி ஓடும், கூண்டில் துணி வேகும். ஆனால் அந்த இரண்டு நாள் சரக்கையும் முந்தின நாள் லாட்டிலேயே சேர்த்து, முந்தின நாள் தேதியையே ஒட்டுவார்கள். யாரும் அதை வழக்கம் என்று கூட நினைத்ததில்லை. அதனால் மூன்று மாதக் கேள்விகளில் ஒன்றுக்குக்கூட அது பதிலாக வரவில்லை. பார்த்தாவைத்தான் அந்த நாட்களில் வரவேண்டாம் என்று முதலாளி சொல்லியிருந்தாரே! பழைய நோட்டுகளில் அந்தத் தேதிகள் இல்லாததைப் பார்த்து, அன்றைக்குக் கம்பெனிக்கு விடுமுறை என்று அவன் எழுதிக்கொண்டுவிட்டான். ஏழாம் தேதி லாட் என்றால் மூன்று நாள் சரக்கு என்பது மெஷினுக்குத் தெரியாது.

எட்டாம் தேதி மத்தியானம் கரண்ட் போனது அவளுக்கு நினைவிருந்தது. கூண்டு பாதியில் நின்றது. ஆட்டோகிளேவ் ஓட்டுகிற இருளப்பசாமி வந்து சொன்னான். "திருப்பி ஓட்டுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, ஜனனியை ஸ்கேனுக்குக் கூட்டிப் போக வேண்டுமென்று இரண்டு மணிக்கே கிளம்பிவிட்டாள். ஓட்டினானா, எல்லாவற்றையும் ஓட்டினானா, திரும்ப வந்து பார்க்கவில்லை.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா?"

"செத்த நேரத்துல கூப்பிடுதேன் தம்பி" என்று வைத்துவிட்டாள்.

முத்துவீரன் அவள் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார். விஷயத்தைக் கேட்டார். "மெஷின் சரின்னு சொல்லியாச்சு. மொதலாளி சரின்னு சொல்லியாச்சு. நீ எதுக்கு மாரி ஊடால போற? ஒரே ஒரு நாளு. வாயைத் தொறக்காம இரு."

கட்டிலில் படுத்திருந்த ஜனனி எழுந்து உட்கார்ந்தாள். "சொல்லலைன்னா என்னம்மா ஆவும்?"

"ஒண்ணும் ஆவாமலும் இருக்கலாம்."

"ஆச்சுன்னா?"

மாரிச்செல்வி மகளின் வயிற்றைப் பார்த்தாள். "அறுத்த எடத்துல வைக்கிற துணி அது. யாரு வயித்துல வைப்பாங்களோ."

ஜனனி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். "போ. நீ போவன்னு எனக்குத் தெரியும்" என்றாள். அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் மாரிச்செல்வி தாங்கிக்கொண்டிருப்பாள். சோர்வுதான் இருந்தது. அவளிடமிருந்தே மகளுக்குப் போன சோர்வு.

அவள் முதலாளிக்குப் போன் போட்டாள். விஷயம் முழுவதையும் சொன்னாள்.

"ராமா... ராமா. அப்ப மெஷின் தோத்துப் போச்சு, அப்படித்தானே? ஊரு பேரு தெரியாத ஆளைக் கொண்டாந்து வச்சியே மாரி!"

"மெஷின் மேலயும் தப்பில்ல, அந்தத் தம்பி மேலயும் தப்பில்ல முதலாளி. நான் சொல்லிக் கொடுக்கல. அன்னைக்கு நின்னு பாக்காமப் போனதும் நாந்தான். மெயிலை நிப்பாட்டுங்க. சரக்கைத் திருப்பி எடுக்கணும்."

"லீவு?"

"தெரியும் முதலாளி. நாளைக்குக் காலையில வாரேன்."

சனிக்கிழமை காலை கிடங்கில் முதலாளி, பார்த்தா, இருளப்பசாமி, மாரிச்செல்வி நான்கு பேரும் கூடினார்கள். இருளப்பசாமி சட்டைப் பையிலிருந்து எண்ணெய்க் கறை படிந்த ஒரு குட்டி நோட்டை எடுத்தான். கூண்டு ஓடின நேரத்தை நிஜத் தேதி போட்டு எழுதி வைத்திருந்தான். அதில் அஷ்டமியும் இருந்தது, நவமியும் இருந்தது.

"உள்ள கெடந்ததத் திருப்பி ஓட்டுனேம்மா. கரண்ட் போனதும் வெளிய எடுத்து வச்ச தட்டு நாலு இருந்துச்சு. அத வெந்ததுன்னு நெனச்சு பெட்டியில அடைக்கிற பொம்பளையாளுக தூக்கிட்டுப் போயிட்டாக. நான் சாப்பிடப் போயிருந்தேன்" என்றான். தலை நிமிரவில்லை.

நாலு தட்டு என்றால் முப்பத்தாறு பெட்டி. மாரிச்செல்வி சொல்லச் சொல்லப் பார்த்தா மெஷினில் தேடினான். பெட்டிகள் எங்கே போயின என்பதை மெஷின் பிசகில்லாமல் சொன்னது. அதைப் பார்த்து முதலாளியின் முகம் கொஞ்சம் இளகியது.

"சார், இனிமே ரெண்டு தேதி வேணும். பெட்டிக்கு மேல லாட் தேதி. உள்ள, கூண்டு ஓடின நிஜத் தேதி" என்றான் பார்த்தா.

"அஷ்டமியை மெஷின்ல எழுதறதா? எங்கப்பா கேட்டா எழுந்திருச்சு வந்துருவாரு."

"சொல்லாம விட்டா ஆஸ்பத்திரியிலிருந்து எத்தனை பேரு எழுந்திரிக்காமப் போவாங்களோ முதலாளி" என்றாள் மாரிச்செல்வி. இருபத்தைந்து வருடத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசியது அதுதான் முதல் தடவை. முதலாளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "சரி... எழுதிக்கோங்க தம்பி. பெட்டிக்கு மேல மட்டும் தெரியக்கூடாது" என்றார்.

முப்பத்திரண்டு பெட்டிகளுக்கு வழி தெரிந்துவிட்டது. பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கையில் முத்துவீரன் போன் செய்தார். பட்டாளத்துக் குரல் உடைந்திருந்தது.

"மாரி, பிள்ளைக்கு வலி வந்துட்டு. ஆஸ்பத்திரிக்கு வந்துட்டோம். கொடி சுத்தியிருக்காம். ஆபரேஷன்தானாம். ஒடனே பண்ணணுமாம். கையெழுத்துப் போட்டுட்டேன். நீ கெளம்பிட்டியா?"

அவள் கிளம்பிவிட்டாள். கிடங்கு வாசல் வரைக்கும் ஓடிவிட்டாள். மீதி நான்கு பெட்டிகள் வத்திராயிருப்பில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் இருந்தன. பார்த்தா அங்கே பேசிப் பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்க யாருங்க? பன்னெண்டு மணிக்கு எங்களுக்குக் கேஸ் இருக்கு. பெட்டியப் பிரிச்சாச்சு. மாரியக்கா சொன்னாத்தான் நாங்க நம்புவோம்" என்று நர்ஸ் முத்துப்பேச்சி போன் ஸ்பீக்கரில் கத்துவது வாசல் வரை கேட்டது.

கடவுளே, இது என்ன சோதனை! ஒரு பக்கம் பெற்ற மகள். இன்னொரு பக்கம் முகம் தெரியாத ஒருவர், மேஜையில் படுத்திருக்கிறார். மாரிச்செல்வி திரும்பி வந்து போனை வாங்கினாள்.

"பேச்சி, நான் மாரியக்கா பேசுதேன். அந்தக் கட்டைத் தொடாத. பட்டையைப் பாரு. கறுத்திருக்கா?"

"இருங்கக்கா, பாத்துட்டு வாரேன்."

காத்திருந்தாள். மறுமுனையில் செருப்புச் சத்தம், கதவுச் சத்தம், யாரோ இருமுகிற சத்தம். ஒவ்வொரு நொடியும் ஒரு யுகம்.

"அய்யோ, கறுக்கலையேக்கா! நாலுலயும் கறுக்கல. நல்லவேளை... பழைய பெட்டி ஒண்ணு கெடக்கு, அத எடுத்துக்கிடுதோம்."

போனைப் பார்த்தாவின் கையில் கொடுத்தாள். அவன் லேப்டாப்பை மூடிவிட்டு பைக் சாவியை எடுத்தான். அவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூர் ஆஸ்பத்திரிக்கு விரட்டினான். மம்சாபுரம் விலக்கைத் தாண்டும்போது, "அக்கா, இது மாதிரி சொல்லாம விட்டது வேற எதுவும் இருக்கா?" என்று கேட்டான்.

"தெரிஞ்சா சொல்லியிருக்க மாட்டேனா தம்பி" என்றாள். காற்றில் அவள் கண்ணீர் காது வரைக்கும் ஓடியது.

அவள் மாடி ஏறி வந்தபோது முத்துவீரன் வார்டு வாசலில் ஒரு வெள்ளைத் துணிச் சுருளை ஏந்தியபடி நின்றுகொண்டிருந்தார். "பொம்பளப் பிள்ள. பன்னெண்டே காலுக்குப் பொறந்துச்சு. ஒன்னைய மாதிரியே நெத்தியச் சுருக்குது பாரு" என்றார். மாரிச்செல்வி மணியைப் பார்த்தாள். பன்னிரண்டு முப்பத்தைந்து.

ஜனனி வெளுத்துப் போய்க் கிடந்தாள். அம்மாவைப் பார்த்ததும் உதடு அசைந்தது.

"பெட்டி எல்லாம் கெடச்சிருச்சாம்மா?"

குத்திக் காட்டுகிறாளா, உண்மையாகவே கேட்கிறாளா? பெற்றவளுக்கே தெரியவில்லை.

"கெடச்சிருச்சு. முப்பத்தாறும்."

"யாருக்கும் ஒண்ணும் ஆகலையே?"

"ஆகல."

ஜனனி கண்ணை மூடிக்கொண்டாள். கண்ணோரத்தில் நீர் வழிந்தது. ஆனால் கை மட்டும் போர்வைக்கு வெளியே வந்து, அம்மாவின் விரல்களைத் தேடிப் பிடித்துக்கொண்டது.

அப்போது போன் அடித்தது. முதலாளி. ஒரு கையால் எடுத்தாள்.

"பேத்தியாமே! பார்த்தா சொன்னாரு. முப்பது நாளு எடுத்துக்கோம்மா. மெஷினுக்குத் தெரியாததுக்கு நானும் இருளப்பனும் முழிச்சுக்கிடுதோம். நல்லா இரு."

"சரி முதலாளி. ஏதாச்சும் தெரியலைன்னா என்னைய..." பழக்க தோஷத்தில் நாக்கு தானாகப் பேசிவிட்டது. மகளின் விரல்கள் அவள் கைக்குள் இறுகின.

மாரிச்செல்வி நிறுத்தினாள்.

"ஏதாச்சும் தெரியலைன்னா பார்த்தா தம்பிட்டக் கேளுங்க முதலாளி" என்று சொல்லி, போனை அணைத்துக் கணவரிடம் கொடுத்தாள்.